போரைத் தொடங்கிய சர்வாதிகாரியால் அதை நிறுத்தவும் முடியுமா?

கேள்வி: நெடுவழி

உக்ரைன் போரைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே முட்டுச்சந்தில் வந்து நிற்பதைக் கவனித்து வருகிறேன். "அந்த மனிதர் பதவியில் இருக்கும் வரை இது ஓயாது" என்று ரஷ்ய அதிபர் புதினைப் பற்றி ஒருவர் சொல்வார். "அவர் போனால் மட்டும் ஓய்ந்துவிடுமா" என்று இன்னொருவர் கேட்பார். அதற்கு மேல் பேச்சு நகராது. இந்த ஒரு போரை மட்டும் வைத்துக்கொண்டு ஊகம் செய்வதைவிட, தனி ஒருவரின் முடிவால் தொடங்கிய பழைய போர்கள் எப்படி முடிந்தன என்று பார்த்தால் ஏதாவது தெளிவு கிடைக்குமா என்பதே என் கேள்வி.

எனக்குப் புரிந்தவரை சிக்கல் இதுதான். தேர்தலில் தோற்றால் வீட்டுக்குப் போய் நினைவுக்குறிப்பு எழுதலாம் என்ற நிலையில் உள்ள தலைவருக்குத் தோற்ற போர் ஓர் அவமானம், அவ்வளவே. தேர்தலே இல்லாத, அல்லது பெயருக்குத் தேர்தல் நடத்துகிற ஆட்சியின் தலைவருக்கோ அது சிறையாகவும் தூக்குக் கயிறாகவும் முடியலாம். அப்படிப்பட்டவர், வெல்ல முடியாது என்று தெரிந்த பிறகும் போரை இழுத்துக்கொண்டே போவது அவருடைய கணக்குப்படி அறிவீனம் ஆகாது. புலி வாலைப் பிடித்தவன் விட மறுப்பதைப் போன்றது அது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை நுழைந்தது; அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று தொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், சப்போரிஷியா, கெர்சோன் ஆகிய நான்கு பகுதிகளும் ரஷ்யாவுடன் இணைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. முழுமையாகக் கையில் இல்லாத நிலத்தையும் அரசமைப்புச் சட்டத்துக்குள் எழுதி வைத்ததன் மூலம், பின்வாங்கும் வழியைப் புதினே அடைத்துக்கொண்டார் என்று இதைப் பொருள் கொள்பவர்கள் உண்டு.

போரைத் தொடங்கியவர், பதவியிலும் இருந்துகொண்டு, நினைத்தது கிடைக்காமலேயே அதை நிறுத்திக்கொண்ட நிகழ்வுகள் உண்டா? இல்லையென்றால் ஆட்சி மாற்றம் ஒன்றுதான் வழியா? படையெடுத்தவர் யார் என்பதில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. ஆகவே அந்த விவாதத்தை இந்த இழைக்குள் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


பதில்: பழைய ஏடு

"தலைவர் போனால் போர் முடியும்" என்ற நம்பிக்கைக்குப் பெரும்பாலும் அர்ஜென்டினாவைத்தான் சான்றாகக் காட்டுவார்கள். அந்தச் சான்றை நெருங்கிப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருப்பது தெரியும். 1982 மார்ச் 30 அன்று புவெனஸ் அயர்ஸில் இராணுவ ஆட்சிக்கு எதிராகத் தொழிற்சங்கங்கள் பெரும் ஆர்ப்பாட்டம் நடத்தின. மூன்றே நாட்களில், ஏப்ரல் 2 அன்று, இராணுவ ஆட்சியின் தலைவர் ஜெனரல் கால்தியேரியின் படை, பிரிட்டனின் ஆட்சியில் இருந்த ஃபாக்லாந்து தீவுகளில் இறங்கியது. அடி வாங்கிய கூட்டம் கலைந்த அதே சதுக்கத்தில் இப்போது அவரை வாழ்த்தி மக்கள் கூடினார்கள். ஜூன் 14 அன்று தீவுகளில் இருந்த அர்ஜென்டினப் படை சரணடைந்தது. அதன் பிறகுதான், ஜூன் 17 அன்று, உடன் இருந்த தளபதிகளே கால்தியேரியை விலக்கினார்கள். போர் அவரை வீழ்த்தியது என்று சொல்லலாம். அவர் வீழ்ந்ததால் போர் முடிந்தது என்று சொல்ல முடியாது. அதோடு அந்தப் போர் கடல் நடுவே உள்ள தீவுகளுக்காக நடந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கடல்வழி அடைபட்டு, தீவில் இருந்த படை சரணடைந்ததும் போரிட அங்கே ஆள் இல்லை. இரண்டு நாடுகளுக்கு நடுவே நீண்ட நில எல்லை இருக்கும் இடத்தில் இப்படி ஒரு தெளிவான முடிவு எளிதில் வாய்ப்பதில்லை.

கிரேக்க இராணுவ ஆட்சியின் கதை இன்னும் கசப்பானது. 1974 ஜூலை 15 அன்று சைப்ரஸில் அதிபராக இருந்த பேராயர் மகாரியோஸின் அரசைக் கவிழ்க்க ஏத்தென்ஸில் இருந்த இராணுவக் குழு ஏற்பாடு செய்தது. ஜூலை 20 அன்று துருக்கிப் படை தீவில் இறங்கியது. ஜூலை 23 அன்று இராணுவக் குழு ஆட்சியைக் குடிமை அரசியல்வாதிகளிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. மறுநாள் விடியும் முன்பே முன்னாள் பிரதமர் கரமன்லிஸ் நாடு திரும்பிப் பதவி ஏற்றார். தீயை மூட்டியவர்கள் ஒன்பது நாட்களில் போய்விட்டார்கள். ஆனால் துருக்கியின் இரண்டாவது தாக்குதல், தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதன் கையில் விழக் காரணமான தாக்குதல், ஆகஸ்ட் 14 அன்றுதான் நடந்தது. அதாவது, ஏத்தென்ஸில் மக்களாட்சி திரும்பி மூன்று வாரம் கழித்து. தீவு இன்றும் பிளவுபட்டே இருக்கிறது.

முசோலினி மூன்றாவது வகை. நேச நாடுகளின் படை 1943 ஜூலை 10 அன்று சிசிலியில் இறங்கியது. ஜூலை 24 இரவு தொடங்கிய பாசிச உயர் மன்றக் கூட்டம் 19 பேர் ஆதரவுடனும் 8 பேர் எதிர்ப்புடனும் அவருக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. மறுநாளே மன்னர் அவரைக் கைது செய்ய வைத்தார். அவருக்குப் பின் பிரதமராக வந்த படோக்லியோ செய்த முதல் அறிவிப்புகளில் ஒன்று, போர் தொடரும் என்பது! செப்டம்பர் 8 அன்று போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டபோது ஜெர்மன் படைகள் ஏற்கெனவே நாட்டுக்குள் நிறைந்திருந்தன. இத்தாலிய மண்ணில் சண்டை ஓய 1945 மே 2 வரை ஆயிற்று. தலைவரை நீக்கியது நாட்டை ஒரு போரிலிருந்து எடுத்து இன்னொரு போருக்குள் போட்டது.

இயற்கையான மரணம் என்ன செய்யும் என்பதையும் பார்த்துவிடலாம். ஸ்டாலின் 1953 மார்ச் 5 அன்று இறந்தார். 1951 ஜூலையில் தொடங்கி, போர்க்கைதிகளைத் திருப்பி அனுப்பும் சிக்கலில் இறுகிக் கிடந்த கொரியப் பேச்சுவார்த்தை சில வாரங்களிலேயே இளகியது. ஜூலை 27 அன்று போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அவருடைய வாரிசுகள் மார்ச் மாதத்திலேயே போரை முடிக்கும் முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. இதற்கு நேர் எதிராக ஆப்கானிஸ்தான். 1979 டிசம்பரில் படை அனுப்பிய பிரெஷ்னெவ் 1982 நவம்பரில் இறந்தார். அந்திரோப்பொவ் வந்தார், செர்னென்கோ வந்தார், கோர்பச்சேவ் வந்தார்; கடைசிச் சோவியத் படைப்பிரிவு ஆற்றைக் கடந்து வெளியேறிய நாள் 1989 பிப்ரவரி 15. தொடங்கியவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

போர்ச்சுகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளின் விடுதலைப் போர்களைச் சலாசார் தொடங்கவில்லை என்றாலும், நிறுத்த மறுத்தவர் அவர்தான். 1968இல் அவர் நோயால் செயலிழந்தார். பின் வந்த கயத்தானோ அதே போர்களை இன்னும் ஏறத்தாழ ஆறு ஆண்டு நடத்தினார். 1974 ஏப்ரல் 25 அன்று, ஆப்பிரிக்காவில் மீண்டும் மீண்டும் பணிக்கு அனுப்பப்பட்டுச் சலித்துப்போன நடுத்தர நிலை அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்த பிறகே அவை முடிந்தன.

ஸ்டாலினுக்குப் பின் வந்தவர்களுக்கும் பிரெஷ்னெவுக்குப் பின் வந்தவர்களுக்கும் என்ன வேறுபாடு? கொரியாவில் சண்டையிட்டுக்கொண்டிருந்தவை வடகொரியப் படையும் சீனப் படையும். விலகுவதால் மாஸ்கோவின் கௌரவத்துக்குப் பெரிய இழுக்கு இல்லை. ஆப்கானிஸ்தானில் இருந்ததோ சோவியத் இராணுவம். அனுப்பலாம் என்று முடிவு செய்த அந்தச் சிறு வட்டத்தில் அந்திரோப்பொவும் ஒருவர். தொடங்கியவர் தனியாகத் தொடங்கினாரா, கூட்டாகத் தொடங்கினாரா என்பதே வாரிசுக்கு எவ்வளவு கை விடுதலையாக இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தப் போருக்காகப் பதவி பெற்றவர்கள், சொத்து சேர்த்தவர்கள், கையெழுத்திட்டவர்கள் ஆகியோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், ஒருவரின் உயிரை மட்டும் கணக்கில் வைப்பது எவ்வளவு பலவீனமான எதிர்பார்ப்பு என்பது விளங்கும்.


பதில்: வெண்பனி

பழைய ஏடு அவர்கள் இரண்டாவது கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்லிவிட்டார். முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். நினைத்தது கிடைக்காமலேயே போரை நிறுத்தி, பதவியையும் காப்பாற்றிக்கொண்ட சர்வாதிகாரிகள் இருந்திருக்கிறார்கள். நாம் எண்ணுவதைவிட அதிகமாகவே இருந்திருக்கிறார்கள்.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. மறுநாளே, எல்லையோர ஊரான தெரியோக்கியில், ஓட்டோ கூசினென் என்ற பின்லாந்துக் கம்யூனிஸ்டின் தலைமையில் ஒரு "மக்கள் அரசு" அமைக்கப்பட்டது. அதை மட்டுமே பின்லாந்தின் அரசாக ஏற்பதாகவும், ஹெல்சிங்கியில் இருப்பது அரசே அல்ல என்றும் மாஸ்கோ அறிவித்தது. இதைவிட உறுதியாக ஒருவர் தம் பின்வாங்கும் வழியை அடைக்க முடியாது. ஆனால் இலட்சம் பேருக்கு மேல் இறந்து, பனிக்காட்டில் படைப்பிரிவுகள் சிதைந்த பிறகு, 1940 மார்ச் 12 அன்று மாஸ்கோவில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்கள் அதே ஹெல்சிங்கி அரசின் தூதர்கள். கூசினெனின் அரசு ஓசையின்றிக் கலைக்கப்பட்டது. அது என்ன ஆயிற்று என்று மாஸ்கோவில் யாரும் ஸ்டாலினைக் கேட்கவில்லை; கேட்கக்கூடியவர் எவரும் 1940இல் மிஞ்சியிருக்கவும் இல்லை. வீபுரி நகரையும் கரேலியாவையும் பெற்றார். நாடு முழுவதையும் பெறவில்லை.

சதாம் உசேனின் செயல் இன்னும் வியப்பானது. ஈரானுடன் எல்லையை வரையறுத்த 1975ஆம் ஆண்டின் அல்ஜியர்ஸ் உடன்பாட்டை ரத்து செய்வதாக 1980 செப்டம்பர் 17 அன்று அறிவித்துவிட்டு, ஐந்து நாட்களில் ஈரானைத் தாக்கினார். எட்டு ஆண்டுகள் போர் நடந்தது. 1990 ஆகஸ்டில், குவைத்தைப் பிடித்த இரண்டே வாரத்தில், ஈரானிய எல்லையில் நிற்கும் படைகள் தமக்கு வேறிடத்தில் தேவைப்பட்டதால், தாம் ரத்து செய்த அதே 1975 உடன்பாட்டை மீண்டும் ஏற்பதாக ஈரானுக்குக் கடிதம் எழுதினார். எட்டு ஆண்டுப் போரின் காரணத்தையே ஒரு கடிதத்தில் கைவிட்டார். பாக்தாத்தில் ஒரு கண்ணாடி கூட உடையவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் குவைத்திலிருந்து துரத்தப்பட்டபோது அதையும் வெற்றி என்றே வானொலியில் அறிவித்தார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பதை அரச கொள்கையாகவே நடத்திக் காட்டியவர் அவர்.

லிபியாவின் கடாபியும் இந்த வரிசையில் வருகிறார். சாட் நாட்டின் வடபகுதியில் 1987இல் அவருடைய படை, சிறு வண்டிகளில் வந்த சாட் வீரர்களிடம் அடி மேல் அடி வாங்கியது. செப்டம்பர் 11 அன்று போர்நிறுத்தம். சர்ச்சைக்குரிய அவுசு பட்டை சாட் நாட்டுக்கே உரியது என்று 1994 பிப்ரவரியில் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அவ்வாண்டு மே மாதத்தில் லிபியப் படை வெளியேறியது. கடாபி அதன் பின் 17 ஆண்டுகள் ஆட்சி செய்தார். (பிடிபட்ட தம் தளபதியைத் தம்முடையவர் என்றே ஒப்புக்கொள்ள அவர் மறுத்தார், அந்தத் தளபதி ஹஃப்தார் பிற்காலத்தில் திரும்பி வந்தது தனிக் கதை.)

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, நெடுவழி அவர்கள் சொன்ன கணக்கில் பாதியைத் திருத்த வேண்டும் என்பதே. போரில் தோற்பதால் சர்வாதிகாரிக்குத் தண்டனை கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் தோல்வி எது, வெற்றி எது என்று பெயர் சூட்டும் உரிமையும் அவர் கையில்தான் இருக்கிறது. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் பாடநூலும் அவருடையவை. நோக்கத்தை முதலிலேயே மங்கலாகச் சொல்லிவைத்திருந்தால் எந்த இடத்தில் நின்றாலும் "இதற்காகத்தான் வந்தோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். உக்ரைனிலும் இது நடந்திருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் கீவ் நகரின் புறத்திலிருந்து பின்வாங்கியது பேச்சுவார்த்தைக்கான நல்லெண்ணம் என்று விளக்கப்பட்டது. ஜூன் 30 அன்று கருங்கடலில் உள்ள பாம்புத் தீவை விட்டதும் நல்லெண்ணமே. எல்லாவற்றுக்கும் மேலாக, கெர்சோன் என்றென்றும் ரஷ்யாவுடையது என்று அறிவித்த ஆறே வாரத்தில், நவம்பர் 11 அன்று, கெர்சோன் நகரை விட்டுப் படை வெளியேறியது. அரசமைப்புச் சட்டம் அப்படியே இருந்தது. ஆட்சியும் அப்படியே இருந்தது. தாமே அடைத்த வழியைத் தாமே திறந்துகொள்வது இத்தகையவர்களுக்கு நாம் நினைப்பதைப் போல அரிதான செயல் இல்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவர்கள் எல்லோரிடமும், உள்நாட்டில் எதிர்ப்பை நசுக்கத் தேவையான படை அப்போதும் குலையாமல் இருந்தது. 1991 மார்ச்சில் ஈராக்கின் 18 மாகாணங்களில் 14 சதாமின் பிடியிலிருந்து நழுவின. குடியரசுக் காவற்படையின் ஒரு பெரும் பகுதி குவைத்துப் போரில் அழியாமல் தப்பியிருந்ததால்தான் அவர் மீண்டார். எல்லையில் தோற்ற படையும் அரண்மனையைக் காக்கும் படையும் ஒன்றாகவே இருந்தால் கதை வேறாகிவிடும். கால்தியேரிக்கு அந்த இரண்டாவது படை இல்லை.


பதில்: கடைமடை

இருவரும் எழுதியவற்றை மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். ஆனாலும், இந்த இழை முழுவதும் போரைத் தொடங்கியவரின் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அவர் நிறுத்த நினைத்தால் போதும், போர் நின்றுவிடும் என்ற எண்ணம் எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுகிறது. அது சரியில்லை.

வெண்பனி அவர்கள் சதாமின் 1980இலிருந்து 1990க்குத் தாவிவிட்டார். நடுவில் இருக்கும் 1982ஐப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு மே 24 அன்று ஈரான் கொர்ரம்ஷஹர் நகரை மீட்டது. ஜூன் மாதத்தில் சதாம் போர்நிறுத்தத்திற்கு ஆயத்தமாகிவிட்டார். எஞ்சிய ஈரானிய நிலத்திலிருந்து படையை விலக்கிக்கொள்வதாகவும் அறிவித்தார். தொடங்கியவரே நிறுத்த விரும்பிய நாள் அது. ஈரான் ஏற்கவில்லை. படையெடுத்தவர் தண்டிக்கப்படாமல் அமைதி இல்லை என்றது. ஜூலையில் ஈரானியப் படை பஸ்ராவை நோக்கி ஈராக்குக்குள் நுழைந்தது. போர் அதன் பின் ஆறு ஆண்டுகள் நடந்தது. 1987 ஜூலையில் போர்நிறுத்தம் கோரி ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 598ஆம் தீர்மானத்தை ஈரான் ஓராண்டு கழித்து, 1988 ஜூலையில் ஏற்றது. நஞ்சுக் கிண்ணத்தைக் குடிப்பதற்கு ஒப்பானது என்று ஈரானின் தலைவர் கொமெய்னி அதைக் குறிப்பிட்டார். ஆகஸ்ட் 20 அன்று துப்பாக்கிகள் ஓய்ந்தபோது எல்லை ஏறத்தாழப் பழைய எல்லையாகவே இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளின் சாவுகளுக்கு யார் பொறுப்பு என்பதில் இரண்டு நாட்டாரும் இன்றும் வாதிடலாம். முடிவு ஒருவர் கையில் மட்டும் இருக்கவில்லை என்பதில் வாதமே இல்லை.

ஈரானின் பிடிவாதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் தாக்கப்பட்டவர் ஏன் எளிதில் நிறுத்த மாட்டார் என்பதைப் புரிந்துகொள்ளாமல் போர்முடிவைப் பற்றிப் பேச முடியாது. விருப்பம்போல் உடன்பாட்டை ரத்து செய்து, விருப்பம்போல் மீண்டும் ஏற்றுக்கொள்ளும் ஆற்றலே சர்வாதிகாரியைக் காப்பாற்றுகிறது என்று வெண்பனி அவர்கள் காட்டினார். அதே ஆற்றல்தான் அவருடைய கையெழுத்தை மதிப்பற்றதாக்குகிறது. உள்நாட்டில் யாரும் அவரைக் கேள்வி கேட்க முடியாது என்றால், வெளிநாட்டுக்குக் கொடுத்த வாக்கை மீறும்போதும் யாரும் தடுக்க மாட்டார்கள் என்றுதான் பொருள். 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் உக்ரைன் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை விட்டுக்கொடுத்து, தன் எல்லைகள் மதிக்கப்படும் என்ற உறுதிமொழியைப் பெற்றது. உறுதியளித்தவர்களில் ரஷ்யாவும் ஒன்று. 2014இல் கிரிமியா போயிற்று. 2014 செப்டம்பரிலும் 2015 பிப்ரவரியிலும் கிழக்கு உக்ரைனில் சண்டையை நிறுத்த மின்ஸ்க் நகரில் இரண்டு உடன்பாடுகள் எழுதப்பட்டன. ஏழு ஆண்டு கழித்து 2022 வந்தது. இத்தனைக்கும் பின், இன்னொரு தாளில் கையெழுத்திட்டால் போதும் என்று அவர்களிடம் சொல்வது எவ்வளவு எடுபடும்? இடைவேளை, மூச்சு வாங்கிக்கொள்ளப் பயன்படும். மூச்சு வாங்கிக்கொள்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பின்லாந்தும் 1940 மார்ச்சில் கையெழுத்திட்டது; 15 மாதங்களில், ஜெர்மனியின் பக்கம் நின்று, மீண்டும் போரில் இருந்தது.

எனவே தொடங்கியவருக்கு மானம் காக்கும் வழி கிடைக்குமா என்ற கேள்வியோடு இன்னொன்றும் வேண்டும். அவர் மறுபடியும் வரமாட்டார் என்று தாக்கப்பட்டவர் நம்புவதற்கு, அவருடைய சொல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது?


பதில்: நெடுவழி

மூவருக்கும் நன்றி. என் கேள்வியே ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது என்பதைக் கடைமடை அவர்களின் பதில் உணர்த்தியது. இன்னும் ஓர் ஐயம் மட்டும் மீதம் இருக்கிறது. 2023 மார்ச் 17 அன்று, குழந்தைகளைச் சட்டவிரோதமாக இடம்பெயரச் செய்த குற்றச்சாட்டில், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் புதினுக்கு எதிராகக் கைது ஆணை பிறப்பித்தது. இத்தகைய ஆணைகள், பதவியை விட்டு இறங்கும் கடைசி ஏணியையும் உருவிவிடுகின்றன என்று சிலர் வாதிடுகிறார்கள். வரலாறு இதற்கு என்ன சொல்கிறது?


பதில்: பழைய ஏடு

இந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அது சொல்லப்படும் அளவுக்கு இல்லை.

உகாண்டாவின் இடி அமீனை எடுத்துக்கொள்வோம். 1978 அக்டோபரில் அவருடைய படை தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் நுழைந்தது. தான்சானிய அதிபர் நியெரேரே எல்லையோடு நிற்கவில்லை. 1979 ஏப்ரல் 11 அன்று கம்பாலா வீழ்ந்தது. அமீன் முதலில் லிபியாவுக்கும் பிறகு சவூதி அரேபியாவுக்கும் போனார். எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிற்காமல் 2003இல் ஜித்தாவில் நோயுற்று இறந்தார். அந்தக் காலத்தில் ஓடிப்போக இடம் இருந்தது. ஆனால் அப்படி ஓர் இடம் இருந்தும் அவர் முன்கூட்டியே இறங்கிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிரிப் படை தலைநகரை நெருங்கிய பிறகே போனார்.

லைபீரியாவின் சார்லஸ் டெய்லர் மறுபக்கத்து எடுத்துக்காட்டு. சியரா லியோன் சிறப்பு நீதிமன்றத்தின் குற்றப்பத்திரிகை, 2003 ஜூன் மாதம் அவர் சமாதானப் பேச்சுக்காகக் கானாவில் இருந்த நாளிலேயே வெளியிடப்பட்டது. ஆகஸ்ட் 11 அன்று பதவி விலகி, நைஜீரியா கொடுத்த அடைக்கலத்தை ஏற்றார். 2006 மார்ச்சில் அந்த அடைக்கலம் முடிந்தது, பிடிபட்டார், 2012இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இதைப் பார்த்த எந்தத் தலைவரும் அடைக்கலம் என்ற சொல்லை இனி அப்படியே நம்ப மாட்டார் என்ற வாதம் இங்கிருந்துதான் வலுப்பெறுகிறது.

ஆனால் யூகோஸ்லாவிய அதிபர் மிலோசெவிச்சின் காலவரிசை இந்த வாதத்துக்குள் அடங்காது. நேட்டோவின் குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்தபோதே, 1999 மே 27 அன்று, அவர்மீது குற்றப்பத்திரிகை அறிவிக்கப்பட்டது. இனி அவர் இறங்கிவர மாட்டார் என்று அப்போதும் பலர் எச்சரித்தார்கள். ஒரு வாரம் கழித்து, ஜூன் 3 அன்று, கொசோவோவிலிருந்து படையை விலக்கும் நிபந்தனைகளை ஏற்றார். ஜூன் 9 அன்று குமனோவோவில் இராணுவ உடன்பாடு கையெழுத்தானது. அவர் போரை நிறுத்தியது பதவியை விட்டு இறங்குவதற்காக இல்லை, பதவியில் தொடர்வதற்காக. கைது ஆணை பதவியிலிருந்து இறங்குவதைக் கடினமாக்கலாம். போரிலிருந்து இறங்குவதை அது அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. இந்த இரண்டு இறக்கங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் சூடாகிறது. அவர் அக்டோபர் 2000இல் வீழ்ந்ததும், 2001 ஜூனில் ஹேக் நகருக்கு அனுப்பப்பட்டதும் போர் முடிந்த பின் நடந்தவை.


பதில்: வெண்பனி

கடைமடை அவர்கள் கேட்ட கேள்விக்கு ஒரு பதிலாவது வரலாற்றில் இருக்கிறது; அதுவும் பழைய ஏடு அவர்கள் ஏற்கெனவே தொட்ட கொரியாவில்தான்.

1953இல் எல்லோரும் நிறுத்த ஆயத்தமாக இருந்தபோது, நிறுத்த மறுத்தவர் தாக்கப்பட்ட நாடான தென்கொரியாவின் தலைவர் சிங்மன் ரீ. பாதி நாடு எதிரியிடம் இருக்கும்போது போர்நிறுத்தம் என்பது அடுத்த தாக்குதலுக்கு நாள் குறிப்பது மட்டுமே என்று அவர் கருதினார். ஜூன் 18 அன்று, பேச்சுவார்த்தையின் முதன்மைச் சிக்கலாக இருந்த போர்க்கைதிகளில் ஏறத்தாழ 27,000 பேரை முகாம்களிலிருந்து தப்பவிட்டு, உடன்பாட்டையே குலைக்கப் பார்த்தார். ஜூலை 27 அன்று பான்முன்ஜொமில் கையெழுத்தான தாளில் தென்கொரியாவின் கையெழுத்து இல்லை. ரீயை அமைதிப்படுத்தியது அந்தத் தாள் அல்ல; அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று அமெரிக்கா கையெழுத்திட்ட பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தமும், அதன் பின் அங்கேயே தங்கிய அமெரிக்கப் படையும்தான்.

வட கொரியாவின் வாக்கை யாரும் அன்று நம்பவில்லை. அதன் பிறகும் நம்பவில்லை. சமாதான உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை. இரு கொரியாக்களுக்கும் நடுவே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் அகலமுள்ள படைவிலக்கப் பட்டை மட்டும் இருக்கிறது. போரைத் தொடங்கிய கிம் இல் சுங், அதன் வடக்கே இன்னும் 41 ஆண்டுகள் ஆண்டு, பதவியிலேயே இறந்தார்.